புழுங்கல் அரிசி சொன்ன பாடம்



நாம் நாள்தோறும் உண்ணும் சோற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான பகுதி வேறெங்கும் அன்று, நம்முடைய கோலாலம்பூரிலும் நெகிரி செம்பிலான் காட்டிலும் நடந்தது. தோட்டத்து மக்களாகிய நம் பாட்டன் பாட்டிமார் உண்ட புழுங்கல் அரிசியும் அதிலே ஒரு பாத்திரம். உடல் நலத்திற்கு எந்த உணவு நல்லது, எந்த டானிக் வாங்கலாம் என்று இன்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு முன், அந்தப் பழைய வரலாற்றைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவின் காடுகள் திறக்கப்பட்டன. பேராவில் லாருட், கிந்தா வட்டாரங்களிலும், சிலாங்கூரிலும், நெகிரி செம்பிலானிலும் ஈய லம்பங்கள் பெருகின. சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்கள் வந்து அங்கே மண்வெட்டி பிடித்தார்கள். தமிழகத்திலிருந்து நம்மவர் கரும்பு, காப்பி, பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும், இரயில் பாதைகளுக்கும், சாலை வேலைக்கும் வந்தார்கள். மலாய் மக்கள் தங்கள் கம்பங்களில் நெல் பயிரிட்டு வாழ்ந்தார்கள். மூன்று இனத்தாருக்கும் உணவு சோறுதான். ஆனால் ஒரு கொடிய நோய் மூவரையும் ஒரே மாதிரி தாக்கவில்லை.

அந்த நோயின் பெயர் பெரிபெரி. முதலில் கால் மரத்துப் போகும். எறும்பு ஊர்வது போல இருக்கும். பிறகு கால் தளர்ந்து, நடை தள்ளாடும். சிலருக்குக் கால்களும் முகமும் வீங்கி, மூச்சு வாங்கும். இருதயம் சோர்ந்து, நேற்று வரை நடமாடிய ஆள் இன்று பிணமாவதும் உண்டு. சுரங்கத் தொழிலாளர்களும், சிறைக் கைதிகளும், மருத்துவமனைகளில் நெடுநாள் கிடந்தவர்களும் ஆயிரக்கணக்கில் இந்நோய்க்கு ஆளானார்கள். நல்ல உடற்கட்டுள்ள வாலிபர்களே பெரும்பாலும் வீழ்ந்தார்கள் என்பதுதான் மருத்துவர்களுக்குப் பெரும் புதிராக இருந்தது.

இது ஒட்டுவாரொட்டி நோய் என்றே பலரும் எண்ணினார்கள். அக்காலத்தில் கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டு வந்ததால், எந்த நோய்க்கும் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்பது மருத்துவ உலகின் நம்பிக்கை. 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் என்பவரும் பெரிபெரிக்குக் கிருமியே காரணம் என்று வாதாடினார்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்ற ஆங்கிலேயர் வேறு விதமாக யோசித்தார். அவர் கிருமியைத் தேடவில்லை. மக்களின் சோற்றுப் பானையைப் பார்த்தார். ஒரே ஊரில், ஒரே நீரைக் குடித்து, ஒரே வெயிலில் உழைக்கும் மக்களில் சீனத் தொழிலாளிக்கு நோய் வருகிறது. தமிழருக்கு வருவது அரிது. கம்பத்து மலாய்க்காரருக்கும் அரிது. இவர்களுக்குள் வேறுபாடு என்ன என்று கவனித்தார். சீனத் தொழிலாளர் உண்டது, சயாம் போன்ற நாடுகளிலிருந்து வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய் மக்கள் உண்டது, தேவைக்கு அவ்வப்போது கையால் குத்திய அரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கல் அரிசி. தாம் கண்டதையெல்லாம் தொகுத்து 1907இல் ஒரு பெரிய நூலாகவே அவர் வெளியிட்டார்.

புழுங்கல் அரிசி எப்படி உண்டாகிறது என்பதை இன்றைய பிள்ளைகள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். நெல்லை உமியோடு நீரில் ஊற வைப்பார்கள். பிறகு பெரிய அண்டாவில் அவிப்பார்கள். அவித்த நெல்லைக் களத்தில் உலர்த்தி, அதன் பின்னரே உரலில் இட்டு உலக்கையால் குத்துவார்கள். முறத்தில் புடைத்தால் உமியும் தவிடும் நீங்கி, சற்றே மஞ்சள் படிந்த அரிசி கிடைக்கும். அவித்த நெல்லைக் குத்தினால் அரிசி நொய்யாக உடையாது, நாட்பட இருக்கும், சோறு வயிற்றில் நிற்கும். இதற்காகத்தான் நம் முன்னோர் நெல்லை அவித்தார்கள். அந்த ஆவிக்குள்ளே ஓர் உயிர்காக்கும் பொருள் இடம் மாறுகிறது என்பது அவர்களுக்கும் தெரியாது, பிராடனுக்கும் தெரியாது.

பிராடனின் கூற்றை மருத்துவ உலகம் உடனே ஏற்கவில்லை. இன்னோர் இனத்தாரின் பழக்கத்தைக் காட்டி மட்டும் ஒரு நோயின் காரணத்தை நிலைநாட்ட முடியுமா? தமிழருக்கும் சீனருக்கும் வேறுபாடு அரிசியில் மட்டுமா இருக்கிறது? வேலை வேறு, குடியிருப்பு வேறு, பழக்கவழக்கம் வேறு. இந்த ஐயம் நியாயமானது. இதைத் தீர்க்க ஒரே வழி, மற்ற யாவும் ஒன்றாக இருக்கும்படி வைத்து, அரிசியை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

அந்தச் சோதனை கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நடந்தது. அங்கே பெரிபெரி பரவியிருந்த சமயம். 1905ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், மருத்துவர் பிளெட்சர் என்பவர் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு பக்கத்து வார்டுக்குச் சென்றார்கள்; அவர்களுக்கு வழக்கம்போல் சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் எதிர்ப்பக்கத்து வார்டுக்குச் சென்றார்கள். அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவில் எந்த வேறுபாடும் இல்லை. கட்டடத்தில்தான் கிருமி இருக்கிறதோ என்ற ஐயமும் வரக்கூடாது என்று, இடையிலே இரு சாராரையும் வார்டு மாற்றியும் பார்த்தார்.

ஓராண்டு கழிந்தது. இரு பக்கத்திலும் ஏறத்தாழ நூற்றிருபது பேர். பச்சரிசி உண்ட பக்கத்தில் பெரிபெரி பரவி 18 பேர் மாண்டார்கள். புழுங்கல் அரிசி உண்ட பக்கத்தில் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை.

நேயர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த 18 பேரும் யார்? பெற்ற தாய் தந்தையரை விட்டுக் கடல் கடந்து வந்து, உழைத்து, மனம் பேதலித்து, அந்த மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர்கள். இந்தச் சோதனைக்கு நீ உடன்படுகிறாயா என்று அவர்களைக் கேட்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. வரிசையில் நின்றபோது வாயில் வந்த எண் ஒற்றையா இரட்டையா என்பதே அவர்களுடைய உயிரைத் தீர்மானித்தது. இன்று உலகம் முழுவதும் ஊட்டச்சத்து நூல்களில் இந்தச் சோதனை பேசப்படுகிறது. மருத்துவரின் பெயர் நிலைத்துவிட்டது. மாண்டவர்களின் பெயர்களை யாரும் சொல்வதில்லை. நம் சோற்றைப் பற்றிய அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலையை நாமாவது மறக்கலாகாது.

அடுத்த சோதனை காட்டில் நடந்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், நெகிரி செம்பிலானில் துரியான் திப்புஸ் பகுதியில் சாலை வேலைக்கு வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கினார்கள். இதற்குமுன் யாரும் குடியிராத காட்டில் புதிய குடிசைகள் போடப்பட்டன. ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. ஏறக்குறைய மூன்று மாதங்களில் வெள்ளை அரிசிப் பிரிவில் பெரிபெரி தலைகாட்டியது. அவர்களுக்குப் புழுங்கல் அரிசி கொடுத்ததும் புதிதாக நோய் தோன்றுவது நின்றது. மறு பிரிவுக்கு வெள்ளை அரிசி கொடுத்ததும் அங்கே நோய் தொடங்கியது. இதன் முடிவு 1909இல் வெளியானது. பின்னர் இவர்கள் கோழிகளுக்கு வெள்ளை அரிசி கொடுத்துப் பார்த்தார்கள். கோழிகளின் கால் மடங்கியது. ஆலையிலே அரிசியைத் தீட்டும்போது உதிரும் தவிட்டைக் கலந்து கொடுத்தபோது கோழிகளுக்கு நோய் வரவில்லை.

அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று பிராடன் எண்ணியிருந்தார். அது தவறு என்பது இப்போது தெரிந்தது. நோய்க்குக் காரணம், உணவிலே இருந்த ஒரு பொருள் அன்று. உணவிலே இல்லாமற் போன ஒரு பொருள். நாம் மாட்டுக்கும் கோழிக்கும் போடும் தவிட்டில் மனிதனின் உயிர் இருந்தது.

பக்கத்து நாடான ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன் என்பவர் 1890ஆம் ஆண்டுகளிலேயே கோழிகளிடம் இதே நோயைக் கண்டிருந்தார். மருத்துவமனைச் சமையலறையின் வெள்ளைச் சோறு தின்ற கோழிகள் நொண்டின. புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்து, தீட்டாத அரிசி போடப்பட்டதும் அவை குணமாயின. அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் என்பவர், உணவில் ஒரு சத்து குறைவதே காரணம் என்று 1901இல் தெளிவாகச் சொன்னார். 1912இல் காசிமிர் பங்க் என்ற அறிஞர் இத்தகைய சத்துகளுக்கு வைட்டமின் என்ற பெயரைச் சூட்டினார். அரிசித் தவிட்டிலிருந்து அந்தச் சத்து 1926இல் ஜாவாவில் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சத்தைத்தான் இன்று வைட்டமின் பி1 அல்லது தயாமின் என்கிறோம்.

இது நெல்லின் மேற்புறத் தவிட்டிலும் முளைப்பகுதியிலும் மிகுதியாக இருக்கிறது. பச்சை நெல்லைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடுகிறது. ஊறவைத்து அவிக்கும்போதோ, அது நீரில் கரைந்து அரிசியின் உட்புறத்திற்குச் செல்கிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகிறது. நம் உடல் இந்தச் சத்தை நெடுநாள் சேமித்து வைப்பதில்லை. சில வாரங்கள் உணவில் வராவிட்டால் குறைவு தொடங்கிவிடும்.

இதைக் கேட்டு, நம் முன்னோர் எல்லாம் அறிந்த ஞானிகள் என்று பெருமை பேசத் தோன்றும். அப்படிப் பேசுவது சரியன்று. புழுங்கல் அரிசி நம்மவரைப் பெரிபெரியிலிருந்து காத்தது உண்மை. அதே நம்மவர்தாம் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சலாலும், கொக்கிப்புழுவாலும், இரத்தச் சோகையாலும் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். செருப்பில்லாத கால்களும் கழிவறையில்லாத லயங்களும் கொக்கிப்புழுவை வளர்த்தன. எந்த அரிசியாலும் அதைத் தடுக்க முடியவில்லை. ஒரு பழக்கம் நம்மை அறியாமலே காக்கலாம். இன்னொரு பழக்கம் நம்மை அறியாமலே கெடுக்கலாம். எது எது என்று எண்ணிப் பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்து அறிவதுதான் கல்வி.

அடுத்து, ஜப்பானியர் ஆட்சிக் காலம். 1942 முதல் 1945 வரை பர்மா அரிசியும் சயாம் அரிசியும் வருவது குறைந்து, பங்கீட்டு அரிசியும் சுருங்கியது. மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. கிழங்கு பசியை ஆற்றும். ஆனால் அதில் மாவுச்சத்துதான் மிகுதி. தசை வளர்க்கும் புரதமும் பி1 சத்தும் மிகக் குறைவு. பெரிபெரி மீண்டும் தலைதூக்கியது. கால் வீங்கியவர்களையும் ஆறாத புண்ணோடு திரிந்தவர்களையும் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்நாளில் வீட்டு ஓரத்து முருங்கையும், வேலியோரத்துக் கீரையும், கொல்லையில் போட்ட பயறும் பல குடும்பங்களைத் தாங்கின.

அந்தப் போருக்குச் சற்று முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, சர்க்கரை சேர்த்த டின் பாலைக் கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் நோயுற்று மடிவதை அவர் கண்டார். தாதியரைப் போல் உடையணிந்த பெண்களை வைத்துத் தாய்மாரிடம் அந்தப் பால் விற்கப்பட்டது. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்கு வைத்த தலைப்பே 'பாலும் கொலையும்' என்பது. இப்படி விற்பதைக் கொலை என்றே அவர் கண்டித்தார். போர்க் காலத்தில் சாங்கியில் அடைக்கப்பட்டு, அவரே பெரிபெரியால் துன்புற்றார் என்பதும் வரலாறு.

இந்த இரண்டு வரலாறுகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வெள்ளை அரிசி பார்வைக்கு அழகாக இருந்தது. சத்து தவிட்டோடு போயிற்று. டின் பால் நாகரிகமாகத் தோன்றியது. தாய்ப்பாலின் வளம் அதில் இல்லை. பார்வைக்கு வெளுப்பாகவும், வாய்க்கு இனிப்பாகவும், விளம்பரத்தில் உயர்வாகவும் இருப்பது உடலுக்கும் உயர்வு என்று நம்பியதே மக்கள் ஏமாந்த இடம். அந்த ஏமாற்றம் இன்றும் நம் வாசலில் நிற்கிறது.

இன்று நம் நாட்டில் பெரிபெரி அரிதாகிவிட்டது. பலவகை உணவு கிடைப்பதே காரணம். ஆனால் ஒரு கூட்டத்தாரிடம் பி1 குறைவு இன்னமும் காணப்படுகிறது. சம்சுவுக்கும் பிற மதுவுக்கும் அடிமையானவர்களே அவர்கள். மது, குடலானது பி1 சத்தை ஏற்பதைத் தடுக்கிறது. குடிப்பவர் சோற்றையும் ஒதுக்கிவிடுகிறார். கால் தளர்வதும், நினைவு தடுமாறுவதும் அதன் பின் வருகின்றன. இதைப் போதை என்று மட்டும் எண்ணி வீட்டில் விட்டுவிடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சமயத்தில் பி1 ஊசி போட்டால் தப்பிப் பிழைத்தவர்கள் உண்டு.

சரி, அன்றாட வாழ்வில் நாம் என்ன செய்யலாம்? பெரிய செலவில்லாத சில வழிகளைச் சொல்கிறேன்.

வாரத்தில் சில நாளாவது புழுங்கல் அரிசியோ தீட்டாத அரிசியோ சமையுங்கள். அரிசியைத் தூசி போகக் கழுவினால் போதும். நீர் தெளியும் வரை ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவினால், கரையும் சத்து கழுநீரோடு போய்விடும். சோற்றை வடிப்பவர்கள் வடிகஞ்சியைக் கொட்டிவிடாமல் உப்பிட்டுக் குடிக்கலாம். இரசத்திலோ குழம்பிலோ சேர்க்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு சொல்: எந்த அரிசியானாலும் சோற்றின் அளவில் கட்டுப்பாடு வேண்டும்.

சோறு மட்டும் மலையாகக் குவிந்து, குழம்பு மட்டும் ஓரமாக நிற்கும் தட்டு சத்துள்ள தட்டாகாது. பருப்பு, பயறு, கச்சான், முட்டை, மீன் இவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். பருப்பு வகைகளில் பி1 சத்தும் புரதமும் இருக்கின்றன. நெத்திலியை முள்ளோடு தின்றால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை என்று வீட்டைச் சுற்றிக் கிடைப்பதை வாரத்தில் பல நாள் சமையுங்கள். கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் நன்கு ஏற்க, கூடவே எலுமிச்சையோ நெல்லியோ கொய்யாவோ இருந்தால் நல்லது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். தேநீர் அந்த இரும்புச் சத்தைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். வளரும் பெண் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் இது மிகவும் முக்கியம். பூசணி, பப்பாளி, கேரட் போன்ற மஞ்சள் நிறக் காய்கனிகள் கண்ணுக்கு நல்லவை.

டின் பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. இன்று கடையில் கிடைக்கும் பல டின்களில் இருப்பது முழுப்பால்கூட அன்று. செம்பனை எண்ணெய் கலந்த கிரீமர். தேநீரின் சுவைக்குச் சிறிது சேர்க்கலாமே தவிர, அதைப் பிள்ளைக்கு உணவாகக் கொடுக்கலாகாது. கைக்குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும்.

இனி டானிக், மூலிகைத் தூள், சத்து மாத்திரை முதலியன. இவை எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. கருவுற்ற தாய்க்கு மருந்தகத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையும் போலிக் அமிலமும் உயிர் காப்பவை. அவற்றைத் தவறாமல் சாப்பிட வேண்டும். கடையில் வாங்கும் பொருளானால், நம் நாட்டுச் சுகாதார அமைச்சில் பதிவு பெற்றதற்கு அடையாளமாக 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண் அதன் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணில்லாத புட்டியை, யார் கொண்டுவந்து விற்றாலும் வாங்காதீர்கள். ஒரே மருந்து எல்லா நோயையும் தீர்க்கும் என்பவரை நம்பாதீர்கள். பிராடன் போன்றவர்கள்கூடத் தம் கூற்றை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. வாசலில் நின்று விற்பவர் மட்டும் மெய்ப்பிக்க வேண்டாமா? அதற்கும் மேலாக, பிள்ளை மெலிந்தாலோ, வெளுத்தாலோ, எப்போதும் சோர்ந்திருந்தாலோ, டானிக்கைத் தேடுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றில் பூச்சியா, இரத்தச் சோகையா, காலையில் பட்டினியோடு பள்ளிக்கு வருகிறதா என்று முதலில் தெரிய வேண்டும்.

திருக்குறளில் மருந்து என்ற தலைப்பில் ஓர் அதிகாரமே இருக்கிறது. அதைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு முறை படித்துப் பாருங்கள். அங்கே வள்ளுவர் பேசுவது பெரும்பாலும் உணவைப் பற்றியும் அளவைப் பற்றியுமே என்பது விளங்கும்.

அரிசியைக் கழுவும்போதும், கஞ்சியை வடிக்கும்போதும், கடையில் புட்டியைக் கையில் எடுக்கும்போதும் கோலாலம்பூரில் ஒற்றைப்படை எண்ணில் நின்றவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் விட்டுச் சென்ற அறிவு நம் அடுப்படியில் பயன்படட்டும்.